சென்னைக்கு ஒன்றரை மணி, திரும்பி வர ஆறரை மணி: ஏன்?

சிரம்பான் லோபாக்கிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர் டிக்கெட்டைப் பார்த்தால் திகைப்பார். சிப்பாங் விமான நிலையத்தில் காலை 10.00க்கு ஏறினால் 11.30க்கே சென்னை. அங்கே 10.00க்குப் புறப்பட்டால் இங்கே மாலை 4.30! வானில் இருப்பதோ இரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். தூரமும் அதே 2,600 கிலோமீட்டர்.

லயத்து வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். முதல் வீட்டுக்கு முந்தி, கடைசி வீட்டுக்குப் பிந்தி. வெயிலும் அப்படித்தான். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் லோபாக்குக்கு முதலில், சென்னைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து.

அப்படியானால் கடிகாரங்கள் ஏன் இரண்டரை மணி வேறுபடுகின்றன?

இதுதான் சுவையான இடம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்ந்து, சபா, சரவாக்கோடு ஒன்றாயின. அந்த நேரக் கணக்குக்கான தீர்க்கரேகை போர்னியோவுக்கும் கிழக்கே இருப்பதால், இங்கே கடிகாரம் வெயிலை முந்தி ஓடுகிறது; கூடுதல் வேறுபாடு அதனால்தான். லோபாக் வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்: நிழல் மிகக் குறுகுவது பெரும்பாலான நாள்களில் பகல் 1 மணிக்கு மேல்தான்.

டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். போகும்போது இரண்டரை மணியைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். பறக்கும் நேரம் கிடைத்துவிடும்.