சங்க வண்டியின் கைப்பிரேக்

அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த சேலைக் கட்டுகளாயினும், படப்பைப் பக்கத்துக் கீரை, கத்தரிக் கூடைகளாயினும், அவற்றைச் சுமக்கும் வேலை இன்று பெரும்பாலும் சிறிய பிக்கப் வண்டிகளுடையது. சரக்கை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆட்கள் நிற்பது வண்டியின் பின்புறத்திலேயே. அவர்கள் உயிருக்குக் காவல் கைப்பிரேக். தாம்பரம் சமநிலந்தானே என்று இதை அலட்சியம் செய்தலாகாது. திருநீர்மலை, திரிசூலம் குன்றுகளை ஒட்டிய தெருக்களில் சரிவுகள் உண்டு.

சட்டமும் இதை வற்புறுத்துகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற டிரைவர் இருக்கையில் இருத்தல் வேண்டும். இல்லையேல், இயந்திரத்தை நிறுத்திப் பிரேக் போட்டோ, வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தானாக நகராதபடி செய்தல் வேண்டும்.

கால் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. கைப்பிரேக் கம்பிக் கேபிளால் இயங்குவது. ஆனால் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் இரண்டுமே பின்சக்கர டிரம்மிலுள்ள அதே பிரேக் ஷூக்களைத்தான் விரிக்கின்றன. ஆகவே கைப்பிரேக் தளர்ந்தால் காரணம் இரண்டிலொன்று: ஷூவின் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கேபிள் நீண்டிருக்கலாம். இதை ஆராயாமல் கேபிளை மட்டும் முறுக்குவதே பலரும் செய்யும் பிழை. அதனால் தேய்வு மறைந்து நிற்கும், ஷூ உராய்ந்து டிரம் சூடேறும், எரிபொருளும் வீணாகும்.

சரிசெய்யும் முறை இது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். பின்பாகத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. பின் கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, கைப்பிரேக்கை முழுதும் இறக்கிவிட வேண்டும். முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்க. டிரம்மினுள் உள்ள பல்சக்கரத்தை ஷூ தொடும்வரை திருப்பி, சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் அமைப்புள்ள வண்டியில் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதே முறை. உள்ளிருக்கும் தூசியை ஊதுதல் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அதன் பின்னரே கேபிள். லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை ‘டக்’ ஒலிக்குள் பிடிக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு கூறும். இழுத்தால் இரு சக்கரமும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். விட்டால் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும். முடிவில் லாக் நட்டை மீண்டும் இறுக்குக.

கேபிள் இழை பிரிந்திருந்தாலோ, லைனிங்கில் எண்ணெய் படிந்திருந்தாலோ முறுக்குவதால் பயனில்லை. பழுதான பாகத்தை மாற்றி, எண்ணெய்க் கசிவையும் அடைக்க வேண்டும்.

வெறும் வண்டியை நிறுத்தும் பிரேக் பாரவண்டியை நிறுத்தும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பாரத்துடன் மெல்லிய சரிவில் சோதிக்க வேண்டும். அப்போது டிரைவர் கால் பிரேக்கின்மேல் காலை வைத்திருக்க, முன்னும் பின்னும் எவரும் நிற்றலாகாது.

சங்கங்கள் மாதமொருமுறை இச்சோதனை நடத்தித் தேதியுடன் பதிவேட்டில் குறித்தல் நலம். வண்டிதோறும் இரண்டு மரக்கட்டைகளும் இருக்கட்டும். அவற்றின் விலை சொற்பம். அவை காப்பது நம் அங்கத்தினரின் உயிர்.