கடுகா? பிரம்மதண்டா?

எங்க குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். எங்க அம்மா போல, பாக்கெட்டில் அச்சிட்டதைப் படிக்கத் தெரியாமல் சில்லறையாகக் கடுகு வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம்ம திருத்தணிப் பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் இரண்டு செடிகள் உண்டு. மழைக்காலத்தில் முளைப்பது நாய்க்கடுகு. பூவுக்கு நான்கு இதழ், காம்புக்கு மூன்று முதல் ஐந்து சிற்றிலை, தொட்டால் பிசுபிசுக்கும். தெலுங்கில் 'குக்கவாமிண்ட'. 'குக்க' என்றாலும் நாய்தான்! கடுகுக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் இது. விதையைத் தாளிக்கப் போடுகிறவர்களும் உண்டு.

வெயில் ஏறும்போது பூப்பது பிரம்மதண்டு. இலையெல்லாம் முள்; கிள்ளினால் மஞ்சள் பால் வரும். இது கடுகுக்குச் சொந்தமே இல்லை, அபினிச் செடியின் குடும்பம். ஆனால் விதை மட்டும் அசல் கடுகு மாதிரியே இருக்கும். ஆபத்து அங்கேதான்! 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்துவிட்டது. கால் வீங்கி, மூச்சுத் திணறி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலுள்ள விஷத்தின் பெயர் சாங்குனரின்.

கண்டுபிடிப்பது எப்படி? கடுகை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். சந்தேகமானதை நசுக்குங்கள். உள்ளே மஞ்சள் என்றால் கடுகு. வெள்ளை என்றால் பிரம்மதண்டு.

இதற்கு லேபும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஊருக்குப் போனதும் நாலு பேருக்குச் சொல்லுங்க!