மார்கழியில் பார்த்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், வீட்டை வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் கட்டிய வீட்டை விற்பவர் அரியர். விற்க நேர்ந்தாலும் பங்காளிக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோதான் விற்பார்கள். வாங்குகிறவனுக்கு அந்தச் சுவரின் வயதும் தெரியும். அதை எழுப்பிய கொத்தனாரின் கைப்பக்குவமும் தெரியும். இன்று நிலை அவ்வாறில்லை. அருப்புக்கோட்டையைச் சுற்றிப் பருத்தியும் சோளமும் விளைந்த புன்செய்கள் பலவும் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, அவ்வீடுகளும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கைமாறத் தொடங்கிவிட்டன. திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு நகருக்குக் குடிவருகிற குடும்பங்கள், முன்பின் அறியாதவரிடம், தரகர் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி, வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குகின்றன. அச்சாரம் கொடுத்த பிறகு, வீட்டில் குறை கண்டு, "வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று பின்வாங்கும் வழக்குகள் அண்மைக்காலத்தில் நம் பங்கு இல்லத் திண்ணைவரை வரத் தொடங்கியிருப்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வைகாசி மாதத்து நண்பகலில் நம்மிடம் வந்தார். வைப்புநிதிப் பணம் கைக்கு வந்ததும் நகரின் விளிம்பில் ஒரு மெத்தை வீட்டை 18 லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்து, 2 லட்சம் அச்சாரம் கொடுத்திருந்தார். ஆறு மாதத்திற்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்வதாகப் பேச்சு. வீட்டைப் பார்த்ததும் பணம் கொடுத்ததும் மார்கழியில். புது வெள்ளையடிப்பு, தரை பளபளப்பு, கிணற்றில் தண்ணீர். யாருக்குத்தான் பிடிக்காது? சித்திரை பிறந்தபின் மருமகனையும், அவருக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அளவெடுக்கப் போனார். பின்கட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. சன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பற்றிக்கொண்டு ஒரு விரிசல் கூரைவரை ஏறியிருந்தது. கொத்தனார் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அதற்குள் செருகினார். நாணயம் உள்ளே போயிற்று. விரிசலின் ஓரத்தைச் சுரண்டினால் பழைய பூச்சுக்கும் புதிய வண்ணத்துக்கும் நடுவே பட்டி வைத்து அடைத்த தடம் தெரிந்தது. அதாவது, விரிசல் புதியதன்று, மறைக்கப்பட்டது.

"எனக்கு அந்த வீடு வேண்டாம் சாமி. என் பணத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துருங்க" என்றார் பெரியவர்.

விற்கிறவரோ கணவனை இழந்த பெண். நம் பங்கைச் சேர்ந்தவரே. வீடு அவர் பெயரிலேயே இருந்தது. வந்த அச்சாரத்தை மகளின் செவிலியர் கல்லூரிக்குக் கட்டிவிட்டிருந்தார். "எங்க தெருவுல எந்த வீட்டுலதான் சாமி வெடிப்பு இல்ல? இதப் போயி ஒரு குறையின்னு சொல்லணுமா?" என்று அவர் கேட்டபோது, அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

ஏனெனில் அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. கரிசல் மண்ணின் இயல்பு அப்படி. மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் வகை மிகுந்த இம்மண், ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து உப்புகிறது; கோடையில் நீரை இழந்து சுருங்குகிறது. ஆனி ஆடியில் நம் காடுகளில் கை நுழையுமளவு வெடிப்புகள் விடுவதைப் பார்க்காத விவசாயி இல்லை. நிலம் ஆண்டுதோறும் இவ்வாறு மூச்சு வாங்கி மூச்சு விட, அதன்மேல் இரண்டு மூன்றடி ஆழக் கடைக்காலில் நிற்கும் வீடும் உடன் ஏறி இறங்குகிறது. வீடு முழுதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் கேடு குறைவு. வெளிச் சுவரோரம் விரைவில் காய, நடு வீட்டின் அடியில் ஈரம் தங்க, ஒரு மூலை இறங்கி மறு மூலை நிற்கும்போதுதான் சுவர் கிழிகிறது. சுவரோரம் வேம்போ புளியோ நின்றால் அது தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மண் மீண்டும் உப்பி விரிசலின் வாயை ஏறக்குறைய மூடிவிடும். ஆகவே மார்கழியில் பார்த்த பெரியவரின் கண்ணில் குறைவில்லை. பார்த்த மாதம்தான் தவறு. கரிசலில் வீடு பார்க்க வேண்டிய மாதங்கள் வைகாசி, ஆனி, ஆடி. இதை அறிந்த தரகர்கள் தையிலும் மாசியிலும் அவசரப்படுத்துவார்கள்.

இதற்கு மருந்தில்லாமலும் இல்லை. கரிசலைத் தாண்டிச் சுக்கானோ பாறையோ கண்டபின் கல் வைப்பது நம் பழைய கொத்தனார்கள் அறிந்த முறை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய மண்ணை மனத்திற்கொண்டே, அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற தூண்களை மண்ணுக்குள் இறக்கி, அவற்றின்மேல் உத்திரம் ஓட்டிச் சுவர் எழுப்பும் முறையை வகுத்தது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைக் கடந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில் அத்தூண்கள் கால் ஊன்றுகின்றன. செலவு கூடும், ஆதலால் விற்பதற்கென்றே கட்டுகிறவர் பலர் அதை விரும்புவதில்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. அதைக் கொண்டே கலவை குழைத்து, அதையே ஊற்றிக் கட்டிய வீடுகளில் சுவர் உப்புப் பூத்துப் பொரியும். கூரைத் தளத்தினுள் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தல் ஆகாது என்று 2000-ஆம் ஆண்டின் 456-ஆம் எண் இந்தியத் தர விதி வரையறுக்கிறது. வாங்குகிறவர் விற்பவரிடம், "எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள்?" என்று கேட்பதில் வெட்கமில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுவரைத் தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலித்தால் நின்று யோசிக்கலாம்.

சரி, குறை இருந்தது, விற்றவர் சொல்லவில்லை. சொல்லக் கடமை உண்டா? குருமடத்தில் நாம் அறநெறி இயல் படித்த நாளில் ஆசிரியர் எடுத்துச் சொன்ன வழக்கொன்று அப்போது நினைவுக்கு வந்தது. உரோமையில் கிளாவுதியுஸ் கெந்துமாலுஸ் என்பவருக்குக் குன்றின்மேல் உயர்ந்த வீடு ஒன்று இருந்தது. பறவைக் குறி பார்க்கும் குருக்கள், தம் பார்வையை மறைக்கிறது என்று அதன் உயர்ந்த பகுதியை இடிக்க ஆணையிட்டனர். அவர் அதைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவருக்கும் அதே ஆணை வந்தது. இடித்த பிறகே உண்மை தெரிந்தது. வழக்கை விசாரித்த மார்க்குஸ் கத்தோ, தெரிந்தே மறைத்த விற்பனையாளர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் எனத் தீர்த்தார். கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இது வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் இதே பொருளை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் குறையை விலையில் கழித்திருந்தால் விற்பவன் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, ஒற்றைக்கண் குதிரையைப்போல. மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறார்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை, அது சொத்தில் இருந்தாலும் உரிமையில் இருந்தாலும், வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்கிறது. தக்க காரணத்தோடு வாங்க மறுப்பவர் கொடுத்த அச்சாரத்துக்கு அந்தச் சொத்தின்மீதே பொறுப்பு உண்டு. ஆனால் காரணமின்றி மனம் மாறிப் பின்வாங்குகிறவரின் நிலை வேறு. 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில், 70 லட்ச ரூபாய் விலைக்கு 7 லட்சம் அச்சாரம் கொடுத்துவிட்டு மீதியைச் செலுத்தாதவர் அந்த 7 லட்சத்தையும் இழக்க நேர்ந்ததை உச்சநீதிமன்றம் சரியென ஏற்றது. அதற்கு முன்பே, 1963-இல் ஃபதே சந்து வழக்கில், கொடுத்த 25,000 ரூபாயில் அச்சாரமாகக் கொடுத்தது 1,000 மட்டுமே என்பதால் அதை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆகவே தாளில் அச்சாரம் என்று எழுதுகிறோமா, கிரயத்தொகையில் ஒரு பகுதி என்று எழுதுகிறோமா என்பதில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே தொங்குகிறது.

நம் பெரியவரின் உடன்படிக்கையோ 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஆறு வரி, பதிவு செய்யப்படவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத உடன்படிக்கையையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் நம் மாநிலத்து வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் சொன்னது உண்மையே. எனினும் அந்த ஆறுதலை நம்பிக்கொண்டு வழக்குமன்றப் படிகளை ஏறி இறங்க ஏழைக்கு ஆயுள் போதாது. பணத்தையும் மஞ்சள் பையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். வீட்டு முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமானவரிச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. நமக்கும் அன்றுதான் தெரியும் என்பதை மறைப்பானேன்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் நாம் பெரியவரை நம்பவில்லை. வேறிடத்தில் மலிவாக வீடு கிடைத்துவிட்டதால் சாக்குச் சொல்லுகிறார் என்று தரகர் நம் காதில் போட்டிருந்தார். அத்தகையோரும் உண்டு. வேறொரு குடும்பம், பக்கத்துத் தெருவில் 2 லட்சம் குறைவான வீட்டைக் கண்டபின், கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து குறை தேடச் சொன்னதை நாம் நேரில் அறிவோம். எந்தச் சுவரிலும் குறை காணும் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்காகப் பரிந்து பேச நாம் மறுத்துவிட்டோம். ஆனால் இங்கே பட்டி வைத்த தடத்தை நேரில் போய்ப் பார்த்தபின், அந்த அம்மையாரைத் தனியே அழைத்துக் கேட்டோம். தரகர் சொல்லித்தான் வெள்ளையடிப்பதற்கு முன் அடைத்ததாக அவர் அழுதுகொண்டே சொன்னார்.

பின் இருவரையும் எதிரெதிரே அமர்த்தினோம். "தாயி, நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெலயில பாத்துக்கிட்டிருப்போமே" என்றார் பெரியவர். "சொன்னா யாரு அண்ணாச்சி வாங்குவா?" என்றார் அவர். இரண்டுக்கும் மறுமொழி நம்மிடம் இல்லை. முடிவில், வீடு வேறொருவருக்கு விற்கும்போது 2 லட்சத்தையும் வட்டியின்றித் திருப்பித் தருவதென்றும், அதுவரை பெரியவர் பொறுப்பதென்றும் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர்.

அமெரிக்காவில் ஒப்பந்தம் எழுதிய சில நாட்களுக்குள் உரிமம் பெற்ற ஆய்வாளர் கூரையிலிருந்து கடைக்கால்வரை பார்த்து அறிக்கை தருவதும், அதைக் கண்டு வாங்குபவர் அச்சாரத்தோடு விலகிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருப்பதும் வழக்கம். இங்கிலாந்திலோ ஒப்பந்தத்தாள்களை மாற்றிக்கொள்ளும்வரை எவரும் கட்டுப்பட்டவர் அல்லர்; ஆய்வெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. ஆயினும் உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளத் தடையேதும் இல்லை: இத்தனை நாட்களுக்குள் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கட்டடத்தில் பெருங்குறை கண்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று. பத்திர எழுத்தர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

சுவரைப்போலவே பத்திரத்திலும் விரிசல் இருக்கும். வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதில் தெரியாதது ஒன்றுண்டு. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றிலொரு பங்கும், மீதி பிள்ளைகளுக்கும் சேரும். ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடின்றிச் சமபங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்றே என்று சொல்லி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் வீட்டை நம்மவர் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையின் ஒரு கையெழுத்துக்காக நின்றுபோன கிரயம் ஒன்றையும் நாம் கண்டிருக்கிறோம். அதில் பின்வாங்கியவர் செய்தது முற்றிலும் முறையே.

அந்த அம்மையாரின் வீட்டை ஆடி மாதத்தில் ஒருவர் பார்க்க வந்தார். தொழிலால் அவரே கொத்தனார். அம்மையார் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தாமே கழற்றி, கைவிளக்கை அடித்து விரிசலைக் காட்டினாராம். அவர் இரண்டு முறை வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினாறரை லட்சத்துக்குக் கேட்டார். கிரயமான மறுநாள் பெரியவரின் வங்கிக் கணக்கில் 2 லட்சம் ஏறியது.

பெரியவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். தரகர்கள் வீடு காட்ட அழைத்தால், "வைகாசிக்கு வாரேன்" என்கிறாராம். அவர்களுக்குள் அவருக்கு இப்போது அதுவே பெயர்.