படகு கைமாறியது, ஈபர்ப் மாறவில்லை

பணி ஓய்வு பெற்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு கேட்டமரானை வாங்கிக்கொண்டு பெருங்கடலுக்குக் கிளம்பும் தம்பதிகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து படகுத்துறைகளில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு அடிப்பாகம் உள்ள படகு என்பதால் அதிகம் சாயாது. அடுப்பின் பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே நிற்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏற்ற படகுதான். சூரியத் தகடு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பொருத்துகிறார்கள். "ஈபர்ப் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "அது படகோடவே வந்ததுங்க" என்பதுதான் பதில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஈபர்ப் என்பது அபாயத்தில் இயக்க வேண்டிய அவசர சமிக்ஞைக் கருவி. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்குக் குறைந்தது 48 மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியில் உங்கள் பெயர் கிடையாது. ஓர் அடையாளக் குறியீடும், அது எந்த நாட்டுக் கருவி என்ற விவரமும்தான் இருக்கும். ஜிபிஎஸ் உள்ள கருவி இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். மீட்பு மையத்தில் இருப்பவர் அந்த நாட்டுப் பதிவேட்டில் குறியீட்டைத் தேடி, அங்கே உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்பார்.

மத்தியதரைக் கடலில் வாடகைக்கு ஓடிய பிரெஞ்சுக் கொடிப் படகை நீங்கள் வாங்கி, பதிவை மாற்றாமல் விட்டிருந்தால், அந்த அழைப்பு விற்றவருக்குத்தான் போகும். "நான் விற்று வெகுநாளாயிற்று" என்பார் அவர். அதற்காகத் தேடலைக் கைவிட மாட்டார்கள். ஆனால் அது என்ன படகு, அதில் எத்தனை பேர், உயிர்காப்புத் தெப்பம் இருக்கிறதா, எந்தத் துறையிலிருந்து புறப்பட்டார்கள், இது பொய் அலாரமா என்பதையெல்லாம் விசாரித்து அறிவதற்குள் நேரம் போய்விடும். தண்ணீரில் கிடப்பவருக்கு அந்த நேரம்தான் உயிர்.

முதலில் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளக் குறியீட்டை, அதாவது ஹெக்ஸ் ஐடியைப் படம் எடுங்கள். பேட்டரி காலாவதித் தேதியையும் அதே படத்தில் பிடியுங்கள். பிறகு படகின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில் பதியுங்கள். நீங்கள் குடியிருக்கும் நாட்டில் அல்ல, கொடியின் நாட்டில். ஆஸ்திரேலியக் கொடி என்றால் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவின் இணையதளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்கக் கொடி என்றால் அந்நாட்டுப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா. அங்கேயும் கட்டணம் இல்லை, அங்கேயும் இரண்டு ஆண்டுதான். பிரிட்டனில் கடல் மற்றும் கடலோரக் காவல் முகமை. இந்தியக் கருவிகளுக்கான பதிவு பெங்களூருவில், இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையத்தில்.

கருவியில் வேறு நாட்டுக் குறியீடு இருந்தால் படிவம் நிரப்புவதோடு வேலை முடியாது. அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கொடுத்துக் குறியீட்டையே மாற்ற வேண்டும். படகு விற்பனைத் தரகர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. விஎச்எஃப் வானொலியிலும், மற்ற கப்பல்களுக்குப் படகை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியிலும் இருக்கும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணுக்கும் இதே கதைதான். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். ஆஸ்திரேலியாவுக்கு 503, பிரான்சுக்கு 227 போன்றவை. கொடி மாறியும் பழைய எண்ணோடு ஓடும் படகுகள் ஏராளம்.

ஈபர்ப் பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று ஓர் இடம் உண்டு. கணவர் அதில் மனைவியின் கைபேசி எண்ணை எழுதுகிறார்! இருவரும் ஒரே படகில் அல்லவா இருப்பீர்கள்? கரையில் இருப்பவர் பெயரைக் கொடுங்கள், ஒருவருக்கு மேல் கொடுங்கள். மகனோ மகளோ என்றால், நள்ளிரவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். புறப்படும் துறை, சேரும் துறை, உத்தேச நாள், படகின் படம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

கேட்டமரான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அடியில் கனத்த கீல் உள்ள ஒற்றைப் படகு பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். கேட்டமரான் கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான், ஆனால் தலைகீழாக மிதக்கும். அதை விட்டு நீந்திப் போகாதீர்கள். ஈபர்ப் சில மீட்டர் ஆழத்தில் தானே கழன்று மேலே வரும் வகை என்றாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். மிதக்கும் படகு அந்த ஆழத்துக்குப் போகாமலே இருக்கலாம். தலைகீழாக இருக்கும்போதும் கை எட்டும் இடத்தில், அவசர வெளியேறு கதவின் அருகே மாட்டுங்கள். அதை இயக்க இருவருக்கும் தெரிய வேண்டும். "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று சொல்லும் அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன்: தண்ணீரில் விழுந்தது அவராக இருந்தால்?

ஈபர்ப் பதிவு வேறு, படகின் பதிவு வேறு. ஆஸ்திரேலியக் கொடியோடு வெளிநாடு போக மாநிலப் பதிவு எண் போதாது. 1981ஆம் ஆண்டுக் கப்பல் பதிவுச் சட்டப்படி ஆம்சாவின் கப்பல் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டுப் படகு என்றால் விற்பனைப் பத்திரத்தோடு, பழைய பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டதற்கான சான்றும் தேவை. அதைப் பெற்றுத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியும் வைத்துக்கொண்டு, வழியில் இந்தியாவைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு: துராயா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இதற்காக வெளிநாட்டவர்கள் கைதாகியிருக்கிறார்கள்.

படகை விற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. சாவி கைமாறும் நாளிலேயே ஈபர்ப் பதிவேட்டில் "விற்கப்பட்டது" என்று தெரிவித்து, வாங்கியவரின் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். இணையதளத்தில் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.