மகாதேவா சதாசிவம்: டெஸ்டுக்கு முந்திய காலத்தின் தமிழ்த் தலைவர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ குடாநாட்டில் துடுப்பாட்டத்தை வேரூன்றச் செய்தது என்றால், இலங்கைத் தமிழர் ஒருவர் அந்த ஆட்டத்தில் நாட்டின் தலைமைவரை உயர முடியும் என்பதை மெய்ப்பித்தவர், 1915இல் பிறந்து, தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய மகாதேவா சதாசிவம் ஆவார்.

நாடுகளுக்கிடையிலான ஐந்துநாள் ஆட்டமாகிய டெஸ்ட் போட்டியில் பங்கேற்கும் தகுதி அன்று இலங்கைக்கு இல்லாதபோதும், 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் குவித்த 215 ஓட்டங்கள் அவரது துடுப்பாட்டத் திறனைக் கடல் கடந்தும் பேசவைத்தன. 1948இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கிய பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 66 அடி நீளம் இருக்கவேண்டிய ஆடுகளம் அந்தப் போட்டியில் 60 அடியாகவே அமைந்திருந்தது அளந்தபோது தெரியவந்தது.

1951இல் மனைவியின் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வாவின் வாதத்தின் பின்னர் 1953இல் நிரபராதி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு விடுதலையானார். பிற்காலத்தில் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கிய சதாசிவம், இலங்கை 1982இல் தனது முதல் டெஸ்டில் ஆடுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1977இல் காலமானார்.