பிள்ளையின் கால்களை மட்டும் கவனித்தால் போதுமா?

"நாலு திட்டு திட்டினால்தான் ரோஷம் வரும்" என்ற பேச்சைக் கேட்காத மைதானம் நம் ஊரில் அரிது. மாவட்டப் போட்டி நடக்கும் ஒரு காலையில் போய் நின்று பாருங்கள். ஹீட்ஸுக்குப் பெயர் கூப்பிட்டதும் கேலரிக்குப் பின்னால் ஒதுங்கி வாந்தி எடுக்கும் ஒரு சிறுமி இருப்பாள். நான்காவதாக வந்தவள் மூச்சிரைத்து நிற்கும்போதே, எல்லார் முன்னிலையிலும் அவளைக் கிழிக்கும் கோச்சும் இருப்பார். பக்கத்தில் நிற்கும் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட், அப்புறம் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை என்று வீடே அந்தக் கால்களை நம்பியிருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

அவமானத்தால் மனத்திடம் வளராது. பயந்து ஓடும் பிள்ளை கொஞ்ச காலம் வேகமாக ஓடலாம். பிறகு காயத்தை மறைக்கும், தூக்கம் கெடும், ஒருநாள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்தையே வெறுக்கும்.

2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்க சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பாருங்கள். 18 வயது குகேஷ் வெள்ளைக் காய்களோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மூன்றாவதை வென்று சமன் செய்தார். 11-இல் முன்னிலை, 12-இல் மறுபடி தோல்வி. கடைசியான 14-ஆவது ஆட்டத்தில் பட்டம். அவருடைய குழுவில் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் இருந்தார். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு வேலை பார்த்தவர். தோற்ற பிறகு நிதானமாகத் திரும்பி வருவதும் பழகிப் பெறும் திறன்தான்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் லேஸைச் சரிபார்த்து, மெதுவாக மூச்சை வெளியே விட்டு, முதல் பத்து அடியை மட்டும் நினைக்கப் பழக்கலாம். "மெடல் வாங்கிட்டு வா" என்பதை விட்டு, "ஸ்டார்ட்டில் தலையை நிமிர்த்தாதே" என்று அவள் கையில் இருப்பதைச் சொல்லலாம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பத்து வரை டியூஷன், விடியற்காலை நாலரைக்குக் கிரவுண்டு என்றால் அந்தத் தூக்கத்துக்கு எங்கே இடம்?

மனம் ஒத்துழைக்காதபோது நிறுத்துவதும் கோழைத்தனம் அல்ல. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிய நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி களமிறங்கி மூன்று தங்கம் வென்றார்.

பல பெற்றோர் அறியாத விஷயம், சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது என்பது. பொறுப்பில் உள்ளவர் குழந்தையை அடித்தோ கொடுமைப்படுத்தியோ தேவையற்ற உடல், மன வேதனை தந்தால், அது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவில் குற்றம். எடை குறைக்கத் தண்ணீரைக்கூட மறுப்பதைப் பயிற்சி என்று விட்டுவிடாதீர்கள். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ. விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லாமல் மறைப்பதும் தண்டனைக்குரியது. பெண்களுக்கான 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மைதானத்தையும் விளையாட்டு நிறுவனத்தையும் பணியிடமாகவே சொல்கிறது. மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை.

நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்; வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "செலக்‌ஷன் போயிடும்" என்ற மிரட்டலுக்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளியிலோ அகாடமியிலோ கேட்கவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் காவல் நிலையமும் இருக்கின்றன.

சாப்பாடு குறைந்து, பேச்சு குறைந்து, கிரவுண்டுக்குக் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிறது என்றால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்த எண்களைப் பிள்ளையின் கிட் பையில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.