கணிப்பொறிக்கு ஏஜெண்டு தேவையா?

சரக்கு வாங்க ஏஜெண்டு வைப்பதா, நேரில் போவதா என்பது நமக்குப் பழைய கேள்வி. கணிப்பொறியிலும் அதே கேள்வி உண்டு.

பில் போடும் புரோகிராமைக் கணிப்பொறியில் நிறுவாமலே, கட்டுச்சோறு போல மூட்டையாக்கி இயக்கலாம். ஒரு வகையில், ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஏஜெண்டு என்ற சிறு புரோகிராம் இருந்து, தலைமைக் கணிப்பொறியிடம் மூட்டையை வாங்கி இயக்கும். 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சாஃப்ட்ரிசிட்டி இவ்வகை. மற்றதில் ஏஜெண்டு கிடையாது. எல்லாம் ஒரே ஃபைலுக்குள். பென் டிரைவில் கொண்டுபோகலாம். 2008-இல் விஎம்வேர் வாங்கிய தின்ஸ்டால் இப்படிப்பட்டது.

செம்மேட்டில் லைன் அடிக்கடி போகும் என்பதால் நாங்கள் இரண்டாவது வகையைப் போட்டோம். எதற்கெடுத்தாலும் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் வர வேண்டாமே!

2025 செப்டம்பர் 22-இல் நெய்க்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாயிற்று. வரிப் பட்டியலும் மூட்டைக்குள்ளேதான். மகன் கல்லாவில் புதிய ஃபைலை வைத்தான்; குடோனில் பழையதே இருந்துவிட்டது. மூன்று நாள் 12 சதவீதத்தில் பில் போயிற்று. மலைக் கடைக்காரர் ஒருவர் பில்லை நீட்டிக் கேட்டபோது எனக்குத் தலைகுனிவு. எல்லோருக்கும் கிரெடிட் நோட்டு போட்டோம். ஏஜெண்டு இருந்திருந்தால், தலைமையில் ஒருமுறை மாற்றியது லைன் வந்ததும் குடோனுக்கும் போயிருக்கும்.

ஒரே கணிப்பொறி உள்ள கடைக்கு ஏஜெண்டு வெட்டிச் செலவு. மூன்று நான்கு வைத்திருப்பவர்கள், லைன் நன்றாக இருந்தால், ஏஜெண்டு வகையையே கேளுங்கள். நாங்கள் பழைய வகையிலேயே இருக்கிறோம். எந்தக் கணிப்பொறியில் எந்தத் தேதி ஃபைல் என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.